ஷெட் ரூமோடு ஒரு வீடு வாங்குவது எப்படி?

ராஜபாளையம் முடங்கியார் ரோட்டுப் பக்கமோ ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளுக்குப் பின்னாலோ வீடு பார்க்கப் போனால், புரோக்கர் அண்ணாச்சி வாசலில் நின்றே கணக்கு ஒப்பிப்பார்: “கீழ ரெண்டு பெட்ரூம், ஹாலு, அடுப்பங்கரை, சாமி ரூம், அப்புறம் முன்னால ஒரு ரூம்.” கடைசியாக வருகிற அந்த ‘முன்னால ஒரு ரூம்’தான் இந்தக் கட்டுரையின் நாயகன். நகராட்சி முத்திரை குத்திய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டு ‘கார் பார்க்கிங்’ என்று எழுதியிருக்கும். நேரில் போனால் அங்கே கட்டில், பீரோ, மேலே ஃபேன், மூலையில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை. கார் தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டை வாங்கத் தனித் திறமை வேண்டும். பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கம் என்று மூன்று பாடங்களோடு பலர் நின்றுவிடுகிறார்கள். நாலாவது பாடம் இந்த அறை. இது இருக்கிறதா, இல்லையா என்று கேட்பது ஆரம்பப் பள்ளிக் கேள்வி. யாருக்கு இருக்கிறது என்று கேட்கப் பழகுங்கள். விலை சொல்லும்போது விற்கிறவருக்கு அது இருக்கிறது, டைல்ஸோடு. சொத்து வரிக்கு அளக்க வந்தபோது இல்லை. மின்வாரியத்துக்கு இருக்கிறது, சில வீடுகளில் அதற்குத் தனி மீட்டரே உண்டு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அதற்கும் சேரட்டும் என்று. பத்திரத்தில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது இருந்தது. இருக்கிற இடத்தில் எல்லாம் விற்கிறவருக்கு வரவு. இல்லாத இடத்தில் எல்லாம் அவருக்கு மிச்சம். கிரயம் முடிந்த மறுநாள் காலையில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகி உங்கள் பேருக்கு வந்துவிடும். அதைச் சிரித்த முகத்தோடு ஏற்கும் வழிமுறைதான் கீழே.

கார் எங்கே போயிற்று என்று விசாரியுங்கள்

ஷெட் அறையான கதை வீட்டுக்கு வீடு வேறு. கதையைக் கேட்டால்தான் சுவரின் வயது தெரியும்.

ஒரு வகை, தெரு உயர்ந்ததால் வந்தது. நம் ஊர்களில் வீடு கட்டும்போது பேஸ்மட்டம் தெருவுக்கு மேலே மூன்று அடி இருக்கும். கார் ஷெட் மட்டும் வண்டி ஏறி இறங்க வசதியாகத் தெரு மட்டத்திலேயே இருக்கும். பிறகு ரோடு போடுவார்கள். பழைய ரோட்டின் மேல் புதிய ரோடு, அதன் மேல் இன்னொன்று. பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடி மறுபடி ஒன்று. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதியதைப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார். ஆனால் அதற்குள் எத்தனையோ ஷெட்டுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. ஐப்பசி மழையில் வாறுகால் தண்ணீர் கார் டயரை நனைத்ததும், வீட்டுக்காரர் வாசலில் இரண்டு வரிசை செங்கல் வைத்துத் தடுப்பார். அந்த இரண்டு வரிசைதான் சுவரின் தொடக்கம். அடுத்த வருஷம் ஜன்னல் மட்டம், அதற்கடுத்த வருஷம் லிண்டல். யாரும் ஷெட்டை அறையாக மாற்றவே இல்லை, அண்ணாச்சி, மழைதான் மாற்றியது.

இரண்டாவது வகை, பிழைப்பால் வந்தது. தளவாய்புரம் நைட்டிக்கு நாலு தையல் மிஷின் போட இடம் வேண்டும். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணிக்குத் தறி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்கவே வேண்டாம், வாசலை ஒட்டிய எந்த இடமும் பால்கோவாக் கடைதான். 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பண்டத்துக்குச் சான்றிதழ் உண்டு. அதைக் கிண்டுகிற, விற்கிற முன்னறைகளில் பலவற்றுக்குத்தான் இல்லை.

மூன்றாவது வகை குடும்பத்தால் வந்தது. மகனுக்குக் கல்யாணம், மாடி கட்டக் காசில்லை, ஷட்டரை இறக்கிப் பூட்டி உள்பக்கம் ஒரு பி.வி.சி. கதவு. இந்த வகையில் சுவருக்குப் பதிலாக ஷட்டரே சுவராக நிற்கும். வெயில் காலத்தில் புதுமணத் தம்பதிக்கு மேற்கு முகத்து ஷட்டர் என்ன செய்யும் என்பதை எந்த விதித்தொகுப்பும் எழுதவில்லை.

வீட்டின் உபயோகத்தை மாற்றுவதில் ராஜபாளையத்துக்குப் பெருமையான முன்னுதாரணம் ஒன்று உண்டு. 1949 முதல் 1952 வரை முதலமைச்சராக இருந்த பூ.ச.குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அவர் மாற்றியதில் வீட்டுக்காரர் வெளியேறி ஊர் உள்ளே வந்தது. நாம் செய்கிற மாற்றத்தில் கார் வெளியேறி ஊருக்குத் தெரு போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்துமிடம் பறிபோகாத வாகனம் என்று அடித்துச் சொல்லக்கூடியது ஆண்டாள் கோயில் பெரிய தேர் ஒன்றுதான். அதன் இடத்தில் ரூம் எடுக்க இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

டேப்போடு போங்கள், மழையில் போங்கள்

வீடு பார்க்க நல்ல நாள், முந்தின ராத்திரி மழை பெய்த நாள். வாஸ்து பார்க்க ஆள் கூட்டிப் போகிறவர்கள், கூடவே ஒரு கொத்தனாரையும் கூட்டிப் போகலாம். ஈசானிய மூலையை வாஸ்துக்காரர் பார்க்கட்டும், கொத்தனார் தரையோரத்து உப்புப் பூத்த சுவரைப் பார்க்கட்டும். வாசலில் ராஜபாளையம் நாய் கட்டியிருந்தால், டேப்பை நீட்டும் முன் வீட்டுக்காரரை அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இனத்துக்கு அளவெடுக்க வருகிறவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஷெட்டில் கடைசியாகக் குடியிருந்தது அதுதான் என்பதால் இந்த விஷயத்தில் அதற்கும் ஒரு வழக்கு இருக்கலாம்.

முதலில் உயரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கார் ஷெட்டுக்கு 2.4 மீட்டர் உயரம் போதும் என்கிறது. மனிதர் வசிக்கும் அறைக்கு 2.75 மீட்டர் கேட்கிறது. ஓர் அடிக்கும் சற்றுக் கூடுதலான இந்த வித்தியாசம் டேப்பில் தெரியாவிட்டால், ஃபேன் சுற்றும்போது சட்டையைக் கழற்றிப் பாருங்கள், கைகளுக்குத் தெரியும். தரையை உயர்த்தித் தண்ணீரைத் தடுத்திருந்தால் இன்னும் அரை அடி போயிருக்கும். மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டு ‘சூடு இறங்காது சார்’ என்றால், மேலே இருப்பது கான்கிரீட்டா, சிமெண்ட் ஷீட்டா என்று ஒரு பலகையை நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி. என்று விலை சொல்லிவிட்டு ஷீட்டைக் காட்டினால், சிமெண்டும் ஷீட்டும் நம்ம ஊர்க் கம்பெனிதான் என்ற ஊர்ப் பாசத்துக்கு மயங்காதீர்கள்.

அடுத்தது அஸ்திவாரம். வீட்டுக்குத் தோண்டியது ஐந்தடி, ஆறடி இருக்கும். ஷெட்டை மூடிய சுவருக்குத் தோண்டியதே இருக்காது. பழைய சிமெண்ட் தரைமேல் ஹாலோ பிளாக்கை அடுக்கிப் பூசியிருப்பார்கள். வீட்டுச் சுவரும் ஷெட்டுச் சுவரும் சேருகிற மூலையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடும். அதன் மேல் காலண்டர் மாட்டியிருக்கும். காலண்டரைத் தூக்கிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். தேதி பார்க்கிற மாதிரி பாருங்கள்.

இப்போது கட்டிலுக்கு அடியில். இதுதான் முக்கியமான பாடம், கவனமாகக் கேளுங்கள். நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டியையும் செப்டிக் டேங்கையும் எங்கே கட்டுவார்கள்? வீட்டுக்குள் கட்ட முடியாது, பின்னால் இடமில்லை, கார் நிற்கிற இடம்தான் சும்மா கிடக்கிறது என்று அதன் அடியில் கட்டுவார்கள். கார் இருந்தவரை அது நல்ல யோசனை. வண்டியை வெளியே எடுத்தால் மூடியைத் திறக்கலாம். அறையான பிறகு, மூடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நீங்கள் ‘இந்த ரூம் எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு’ என்று மெச்சுகிற குளுமை, அடியில் இருக்கிற ஆறாயிரம் லிட்டர் சம்ப்பின் புண்ணியம். அது சம்ப்பாக இருந்தால் பரவாயில்லை. இன்னொன்றாக இருந்தால், கழிவு அள்ளும் லாரி வருகிற அன்று மெத்தை, கட்டில், பீரோ, பிள்ளையின் பாடப் புத்தகம் எல்லாம் தெருவுக்கு வரும். குழாய் ஜன்னல் வழியாக உள்ளே போகும். டைல்ஸ் ஒட்டும்போது மூடியை மறைத்தே ஒட்டிய வீடுகளும் உண்டு. எங்கே மூடி என்று கேட்டால் வீட்டுக்காரர் காலால் இரண்டு மூன்று இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘கொத்தனார்கிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பார். காற்றுக் குழாய் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். விளையாட்டை விட்டுச் சொல்கிறேன்: மூடிய அறைக்குள் செப்டிக் டேங்கின் மூடி இருந்து, காற்றுக் குழாயும் அடைபட்டிருந்தால், அந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். அந்த வாயு ஆளைக் கொல்லும். விலையைக் குறைத்தாலும் கொல்லும்.

மீட்டர் பெட்டி, மோட்டார் சுவிட்ச் இரண்டும் ஷெட்டுச் சுவரில்தான் இருக்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கணக்கெடுக்க வருகிறவர் உங்கள் படுக்கையறைக்கு வருவார். அவருக்கு அங்கே வர உரிமை உண்டு.

காகிதத்தில் தேடுங்கள்

‘இதுக்கெல்லாம் நிறைவுச் சான்று வாங்கியிருக்கீங்களா?’ என்று மெட்ராஸ் மாப்பிள்ளை தோரணையில் கேட்டுவிடாதீர்கள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 750 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறிய குடியிருப்புகளுக்கு அந்தச் சான்று தேவையே இல்லை. அதாவது வீடு வரைபடத்தின்படி முடிந்ததா என்று எந்த அதிகாரியும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடவில்லை. ஷெட்டுக்குச் சான்று இல்லை என்பது உண்மை. நியாயமாகச் சொன்னால் ஹாலுக்கும் இல்லை. வித்தியாசம், ஹால் வரைபடத்தில் இருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது அந்த வரைபடத்தை. கேட்டால் மூன்று விதமான பதில் வரும். ஒன்று, ‘பேங்க்ல இருக்கு.’ இரண்டு, ‘அப்பா காலத்துது, கரையான் அரிச்சிருச்சு.’ மூன்றாவது பதிலில் சொல் ஏதும் இருக்காது, காபி வரும். காபியைக் குடித்துவிட்டு, நகராட்சி அலுவலகத்தில் அனுமதி எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

விற்கிறவர் உடனே நீட்டுவது சொத்து வரி ரசீது. ‘வரி கட்டியிருக்கோம்ல சார், அப்புறம் என்ன?’ நகராட்சி வரி வாங்கியது என்பதற்காக அனுமதி கொடுத்ததாக ஆகாது. அது கட்டடம் நிற்பதற்கு வரி கேட்கிறது, நிற்கலாமா என்பதற்குப் பதில் சொல்லவில்லை. ரசீதில் எத்தனை சதுர அடி என்று பாருங்கள். 2022 சொத்து வரி உயர்வில் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், அதைத் தாண்டினால் 75 சதவீதம் என்று போட்டதிலிருந்து, 1,190 சதுர அடி வீடுகள் நம் ஊர்களில் ஏகம். ஷெட்டைச் சேர்த்தால் 1,200-ஐத் தாண்டிவிடும் என்று வீட்டுக்கே தெரியும்.

முன்னறையில் கடை இருந்தால் மின் அட்டையைப் பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு அதை அனுமதியற்ற பயன்பாடு என்கிறது. கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடலாம்; எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்குப் போடலாம். பறக்கும் படை வருகிற நாளில் அட்டையில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் தபால். விற்றவர் அதற்குள் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருப்பார்.

வில்லங்கச் சான்றில் சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். ‘முன்னால ரூம்ல ஒருத்தர் இருக்கார், ஒத்திக்கு, பணத்தைக் கொடுத்தா போயிருவார்’ என்பது அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் காதுக்கு வரும். வெள்ளைத் தாளில் எழுதிய ஒத்தி வில்லங்கத்தில் வராது. அறையே காகிதத்தில் இல்லாதபோது அதில் இருக்கிறவர் மட்டும் காகிதத்தில் வருவாரா?

வங்கியும் உங்கள் மனசாட்சியும்

கடன் வாங்கித்தான் வாங்குவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கையொட்டி 2006 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. கட்டிய வீட்டை வாங்கக் கடன் கேட்பவர், அது அனுமதித்த வரைபடப்படி கட்டப்பட்டது என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். வங்கி நியமிக்கும் கட்டடக் கலைஞர் ஒருவரும் அப்படியே சான்று தர வேண்டும். கவனித்தீர்களா? கட்டியவர் வேறு, மாற்றியவர் வேறு, விற்கிறவர் வேறு. ஆனால் சரியாகக் கட்டப்பட்டது என்று சத்தியம் செய்கிறவர் நீங்கள். அந்த வீட்டை இரண்டு தரம் பார்த்தவர், அதிலும் ஒரு தரம் நாய்க்குப் பயந்து பாதியில் திரும்பியவர்.

2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் இன்னொரு முடிச்சுப் போட்டது. மீரட் சாஸ்திரி நகரில் குடியிருப்புக்கு ஒதுக்கிய மனையில் கடைகள் கட்டிய வழக்கு. நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும் இடிப்பை உறுதிசெய்ததோடு, நிறைவுச் சான்றையோ குடியேற்றச் சான்றையோ சரிபார்த்த பிறகுதான் வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். நிறைவுச் சான்றே வேண்டாம் என்று விதி சொல்கிற ஊரில் அதை வங்கிக் கிளையில் கேட்டால் என்ன செய்வது? ‘விலக்கு உண்டு’ என்று நீங்கள் விதியைக் காட்ட வேண்டும். மேலாளர் ‘எங்க லீகல் ஒத்துக்க மாட்டாங்க’ என்பார். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுவீர்கள். கடன் மட்டும் வராது.

வந்தாலும் மதிப்பீட்டாளர் ஷெட் ரூமை மதிப்பில் சேர்க்க மாட்டார். இங்கேதான் பேரம் இருக்கிறது. விதிப்படி ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். சுமார் 134 சதுர அடி. கட்டடத்துக்குச் சதுர அடி 2,000 ரூபாய் என்று விலை வைத்திருந்தால், அந்த அறைக்கு மட்டும் ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் கேட்கிறார் என்று அர்த்தம். அந்தப் பணத்துக்குக் கடன் கிடையாது, உங்கள் கையிலிருந்து போகும். பத்திரம் எழுதும்போது அதே ஆள், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் ஆகிறதே என்று உங்கள்மேல் இரக்கப்பட்டு, ‘ஷெட்டை ஏன் சார் பத்திரத்துல காட்டணும்?’ என்பார். விலையில் காட்டிய அறையைப் பத்திரத்தில் மறைக்கிற அந்த நொடிதான் நீங்கள் வாய் திறக்க வேண்டிய நொடி. ‘பத்திரத்தில் இல்லாததுக்கு நான் ஏன் பணம் தரணும், அண்ணாச்சி?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதலில் பேசுகிறவர் தோற்பார். பெரும்பாலும் அவர், ‘சரி, அந்த ரூமை சும்மா வச்சுக்கோங்க’ என்பார். சும்மா வருகிறதே என்று மகிழாமல், இடிக்கிற கூலியையும் விலையில் கழியுங்கள். இந்தக் கட்டுரையில் உருப்படியான யோசனை இது ஒன்றுதான்; மறந்துவிடாதீர்கள்.

முறைப்படுத்துகிறேன் என்று கிளம்புகிறவருக்கு

நேர்மையானவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வழி சொல்ல வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-சி பிரிவு, 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றை வரன்முறை செய்ய இடம் தருகிறது. இந்தத் தேதியைச் சொன்னதும் விற்கிறவர் குடும்பத்தில் ஞாபக சக்தி பெருகுவதைக் காணலாம். ‘2006 பொங்கலுக்கே எங்க ஆச்சி அந்த ரூம்லதான படுத்திருந்தாக’ என்பார்கள். ஜன்னல் கம்பியில் இருக்கிற பெயின்ட் வேறு வருஷம் சொல்லும்.

அது போகட்டும். அறை இருக்கிறபடியே திருத்திய வரைபடம் போட்டு அனுமதி வாங்கலாமே என்றால், வாங்கலாம், அளவு ஒத்துவந்தால். கார் நிற்கும்வரை அந்த இடம் தளப்பரப்புக் குறியீட்டில் சேராது. கட்டில் போட்டால் சேரும். முன்புறம் விட வேண்டிய ஒன்றரை மீட்டர் காலி இடத்தில் ஷெட்டுச் சுவர் காலை நீட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. கார் நிற்க வேறு இடம் காட்டு என்பார்கள். மாடியைக் காட்ட முடியாது.

2024 ஜூலை 22-ல் முதலமைச்சர் ஸ்டாலின் சுயசான்று முறையைத் தொடங்கிவைத்தார். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரையோடு ஒரு மாடி கட்ட, இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். புது வீட்டுக்கு நல்ல ஏற்பாடு. ஷெட் ரூம்காரர்கள் மட்டும் இதைப் பார்த்து வியக்கவில்லை. ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்ற சுயசான்றை அவர்கள் எத்தனையோ வருஷமாகத் தமக்குத் தாமே வழங்கி வருகிறார்கள்.

வெள்ளைக்காரன் ஊரில் இதற்குக் காப்பீடே இருக்கிறது. இங்கிலாந்தில் அனுமதிச் சான்றில்லாத ஷெட் அறையோடு வீடு கைமாறினால், பின்னால் நகரசபை நடவடிக்கை எடுத்தால் ஈடுகட்ட ஒரு பாலிசி எடுத்துத் தருவார்கள். வழக்கமான நிபந்தனை, நகரசபையிடம் நீங்களாகப் போய் இதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. வாய்ப்பூட்டுக்குப் பிரீமியம் கட்டுகிறார்கள். நம் ஊரில் அது இலவசம். கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. வீட்டுப் பஞ்சம் தாங்காமல், 2020 முதல் ஷெட்டைக் குடியிருப்பாக மாற்றினால் போன நிறுத்துமிடத்துக்கு மாற்றிடம் கேட்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். நம் ஆட்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

குடிபுகுந்த பிறகு

பால் காய்ச்சியாயிற்று. இப்போது உங்கள் காரை எங்கே நிறுத்துவீர்கள்? உங்கள் வாசலில் ஷெட் ரூமின் ஜன்னல் இருக்கிறது; அங்கே நிறுத்தினால் பிள்ளைக்குக் காற்று வராது. எதிர் வீட்டு மதில் ஓரம் நிழலாக இருக்கும், வேப்ப மரம் வேறு. முதல் மாதம் எதிர் வீட்டுக்காரர் ‘பரவாயில்ல தம்பி’ என்பார். இரண்டாவது மாதம் அங்கே இரண்டு பூந்தொட்டி வரும். மூன்றாவது மாதம் ஒரு பழைய ஆட்டுக்கல். அதையும் தாண்டி நிறுத்தினால், திங்கள்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு விழும். பஸ்ஸுக்குப் போக அலுப்பாக இருந்தால் 1100-க்குப் போன். மனுவில் உங்கள் காரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். மீதி முழுக்க ஷெட்டைப் பற்றி. அளவு, வருஷம், ஜன்னல் எண்ணிக்கை எல்லாம் துல்லியமாக இருக்கும். நீங்கள் வரைபடத்தைத் தேடி அலைந்தபோது கேட்டிருக்க வேண்டிய ஆள் அவர்தான்.

நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம். அதே 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவைக் குறிப்பிட்டிருக்கும். பழைய நிலைக்குக் கொண்டுவா என்று சொல்லியிருக்கும். விளக்கம் எழுதலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இடிப்பதற்கு முன் 15 நாள் அவகாசம் தந்தாக வேண்டும். ஆனால் கார் ஏற வாறுகாலுக்கு மேல் சிமெண்டில் போட்ட சாய்தளத்துக்கு இந்த மரியாதை கிடையாது. பொது இடத்து ஆக்கிரமிப்பை அந்தத் தீர்ப்பு விலக்கிவிட்டது. ஆகவே முதலில் போவது சாய்தளம். கார் ஏறாத ஷெட்டுக்குச் சாய்தளம் எதற்கு என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. பைக் ஏற்ற என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியில் சுவரை எடுக்கிற முடிவுக்கு வந்தால், கட்டிய கொத்தனாரையே கூப்பிடுங்கள். மூடி எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கட்ட வாங்கியதைவிட இடிக்கக் கூலி கூடக் கேட்பார். ஹாலோ பிளாக்கை உடையாமல் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சாயங்காலம் சித்தாளை விட்டு எல்லாவற்றையும் மாடியில் அடுக்கச் சொல்லுவார். எதற்கு என்று கேட்டீர்களானால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்லுவார்: “கெடக்கட்டும் சார். நோட்டீஸ் போட்ட ஆபீசர் டிரான்ஸ்ஃபர்ல போனதும் வேணும்ல.”